ரத்தம் கடிக்கிறதா... வளர்ப்பு கடிக்கிறதா?

தீர்ப்பே கிடைக்காத பட்டிமன்றங்கள் சில உண்டு. இட்லிக்குச் சட்னியா சாம்பாரா, சம்பளம் பெரிதா கிம்பளம் பெரிதா... அந்த வரிசையில் இப்போது ஒரு புதுத் தலைப்பு. நாய் கடிப்பதற்குக் காரணம் இனமா, வளர்ப்பா?

நாலு பேர் நிற்கிற டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். அடுத்த நிமிஷம் இரண்டு கட்சி உருவாகிவிடும்.

"புலிக்குப் பிறந்தது பூனையாகுமா சார்? பிட்புல்னா பிட்புல்தான். அது ரத்தத்துலயே இருக்கு!" இது இனக் கட்சி.

"அட, போங்க சார்! நாய் என்ன பண்ணும், பாவம்? எல்லாம் வளக்கிறவன் கையில இருக்கு. எங்க மச்சான் வீட்டு ராட்வீலர் குழந்தை மாதிரி!" இது வளர்ப்புக் கட்சி.

மூன்றாவதாக ஒருவர் இருப்பார். கடி வாங்கினவர். அவர் வாயே திறக்க மாட்டார். பெஞ்சில் இடம் இருந்தாலும் டீயை நின்றுகொண்டேதான் குடிப்பார்!

இதை வெட்டி அரட்டை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. 2024 மே 5-ம் தேதி, சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்கா. அங்கே இருந்த ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் குதறின. தலையில் பலத்த காயம். ஆபரேஷன் வரைக்கும் போயிற்று. 2022 ஜூலையில் லக்னோவில் 82 வயது மூதாட்டி ஒருவரைக் கொன்றது, அவருடைய மகன் ஆசை ஆசையாக வளர்த்த பிட்புல். இரண்டுமே பேர் வைத்து, சோறு வைத்து, போட்டோ எடுத்து வளர்த்த வீட்டு நாய்கள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2024 மார்ச் 12-ம் தேதி மத்திய அரசின் கால்நடைத் துறையிலிருந்து எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சர்க்குலர் போனது. பிட்புல், ராட்வீலர், டோகோ அர்ஜென்டினோ, டோசா என்று 23 வகை நாய்களைப் பட்டியல் போட்டு, 'இவற்றை விற்கவோ, வளர்க்கவோ லைசென்ஸ் தராதீர்கள்' என்றது. அடுத்த மாதமே கர்நாடக ஹைகோர்ட்டும் டெல்லி ஹைகோர்ட்டும், சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் இப்படிச் செய்ய முடியாது என்று அதை ரத்து செய்துவிட்டன. ரத்தாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஆயிரம் விளக்கு சம்பவம் நடந்தது. இனக் கட்சி 'பாத்தீங்களா?' என்றது. வளர்ப்புக் கட்சி 'சங்கிலி போடாம விட்டவனைக் கேளுங்க!' என்றது.

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று எழுதிப் பார்க்கத் தோன்றும். இதையும் அப்படி எழுதிப் பார்த்தேன். முதலில் இனக் கட்சியின் கணக்கு.

வரி கேட்கப் போன நாய்

நாயைக் கடவுள் படைத்திருக்கலாம். 'ஜாதி நாய்' என்கிறோமே, அதைப் படைத்தது மனிதன்தான். நம் சமூகத்தில் இன்னமும் கூச்சமே இல்லாமல் 'என்ன ஜாதி?' என்று கேட்டுவிட்டு வாசலிலேயே நின்று பேசுவது நாய் வைத்திருக்கும் வீட்டில் மட்டும்தான். சர்டிபிகேட் வேறு உண்டு!

ஒவ்வொரு ஜாதி நாய்க்குப் பின்னாலும் ஒரு உத்தியோகம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் அபோல்டா என்ற ஊரில் லூயிஸ் டாபர்மேன் என்று ஒருவர் இருந்தார். வேலை, வரி வசூல். வரி கேட்டு வருகிறவனுக்கு எந்த நாட்டில்தான் ஆரத்தி எடுக்கிறார்கள்? கூடவே நடந்து வர, பார்த்தாலே பர்ஸைத் திறக்க வைக்கிற மாதிரி ஒரு நாய் வேண்டும் என்று அவர் உருவாக்க ஆரம்பித்ததுதான் டாபர்மேன். ஆக, அது பூர்வீகத்தில் இன்கம்டாக்ஸ் டிபார்ட்மென்ட் நாய்.

ராட்வீலர், ராட்வீல் என்ற ஜெர்மன் ஊரின் மாட்டு வியாபாரிகளிடமும் கசாப்புக் கடைக்காரர்களிடமும் வேலை பார்த்தது. மாடு ஓட்டும், வண்டி இழுக்கும். பிட்புல்லின் மூதாதைகள் இங்கிலாந்தில் காளை மாட்டோடு மோதவிட்டு வேடிக்கை பார்க்க வளர்க்கப்பட்டவை. 1835-ல் அந்த விளையாட்டைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். உடனே, திருட்டுத்தனமாக நாயோடு நாயை மோதவிட ஆரம்பித்தார்கள். நம் ஊர் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தப் பிறந்தவை. ராஜபாளையத்துக்கும் கோம்பைக்கும் வேட்டையோடு காவல் உத்தியோகமும் உண்டு.

பல தலைமுறையாக ஒரே வேலைக்கு ஆள் எடுத்தால் அந்த வேலைக்கான புத்தி ரத்தத்தில் இறங்கத்தானே செய்யும்? இறங்கும். இதற்கு அசைக்க முடியாத சாட்சி சைபீரியாவில் இருக்கிறது.

1959-ல் நோவோசிபிர்ஸ்க்கில் திமித்ரி பெல்யாயெவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி ஒரு சோதனையைத் துவக்கினார். நாய் கிடையாது, ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்க்கும் நரிகள். மனுஷன் கிட்டே வந்தால் எது கொஞ்சம் குறைவாக உறுமுகிறதோ, அதை மட்டும் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ய விட்டார். பயிற்சி எதுவும் தரக்கூடாது என்பது கண்டிப்பான விதி. நாலாவது தலைமுறையில் சில குட்டிகள் மனிதனைப் பார்த்து வாலை ஆட்டின! ஆறாவது தலைமுறையில் கையை நக்கின. இன்னொரு பக்கம், ரொம்பச் சீறுகிற நரிகளாகப் பார்த்து ஒரு தனி வம்சமும் வளர்த்தார்கள். அது தலைமுறைக்குத் தலைமுறை கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டு பாய்ந்தது.

'இதெல்லாம் அம்மா சொல்லிக் கொடுப்பதாக இருக்கலாமே?' என்று கேட்பீர்கள். அவர்களும் கேட்டார்கள். சாதுவான நரியின் கருவை எடுத்து, சீறுகிற நரியின் வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். பிறந்த குட்டி, வளர்க்கிற அம்மா அதட்டி அடக்கியும் கேட்காமல், மனிதர்களிடம் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது.

இனக் கட்சிக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. ரத்தம் பேசும்!

ஆனால், லேபிள் பேசாது

இப்போது கோட்டுக்கு வலது பக்கம் வருவோம்.

2022 ஏப்ரலில் 'சயின்ஸ்' பத்திரிகையில் ஒரு ஆராய்ச்சி வெளியானது. அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணாதிசயங்களை அவற்றின் சொந்தக்காரர்களிடம் கேட்டு எழுதி, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்துப் பார்த்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் குணத்தில் இருக்கிற வித்தியாசத்தில் இனத்தை வைத்துச் சொல்ல முடிந்தது சுமார் ஒன்பது சதவீதம்தான். சொன்ன பேச்சைக் கேட்குமா என்பதிலாவது இனம் கொஞ்சம் உதவியது. எவ்வளவு சீக்கிரம் கோபம் வரும் என்ற விஷயத்தில் இனம் அநேகமாக ஒன்றுமே சொல்லவில்லை.

பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2021-ல் 9,000-க்கும் மேற்பட்ட நாய்களை எடுத்துக்கொண்டு, மனிதர்கள் மேல் யார் அதிகம் பாய்கிறார்கள் என்று பார்த்தார்கள். முதல் இடம் யாருக்கு? ராட்வீலருக்கு இல்லை. சினிமாவில் குழந்தையைக் காப்பாற்றுமே 'லாஸ்ஸி', அந்த ரஃப் கோலிக்கு! அடுத்த இடம் சலூனுக்குப் போய்வந்த மாதிரி முடி வைத்துக்கொண்டிருக்கும் குட்டி பூடில். 2008-ல் அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில் முதல் வரிசையில் நின்றவை டாஷ்ஹண்ட், சிவாவா, ஜாக் ரஸ்ஸல். மூன்றையும் ஒரே மஞ்சள் பைக்குள் போட்டு பஸ்ஸில் கொண்டு போய்விடலாம்.

'அப்படியானால் அந்த சைபீரியா நரி?' என்று கேட்பது நியாயம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. பெல்யாயெவ் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு நரியின் குணத்தையும் சோதித்து, அதற்காக மட்டுமே பொறுக்கினார். ஜாதி நாய் வளர்ப்பவர்கள் சென்ற நூற்றைம்பது வருஷமாகப் பெரும்பாலும் பொறுக்கியது காது நிமிர்ந்திருக்கிறதா, மூக்கு எவ்வளவு நீளம், ரோமம் என்ன கலர் என்பதை. தாத்தா வரி வசூலில் இருந்தார் என்பதற்காகப் பேரன் எல்லோரிடமும் பணம் கேட்பானா? குணம் அப்பா அம்மாவிடமிருந்து வருகிறது. சர்டிபிகேட்டில் எழுதியிருக்கும் பெயரிலிருந்து வருவதில்லை. ஒரே இனத்தில் முரடும் உண்டு, முயல்குட்டியும் உண்டு.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு பொமரேனியன் இருந்தது. பெயர் 'ஸ்வீட்டி'. பெயரைத் தவிர மற்றதெல்லாம் காரம். கேஸ்காரர், போஸ்ட்மேன், ஜோசியர், பெரியப்பாவின் சம்பந்தி என்று கணுக்கால் கிடைத்தால் விடாது. என் கணுக்காலும் அந்த லிஸ்ட்டில் உண்டு. யாராவது 'ஐயோ' என்றால் பெரியம்மா சிரித்துக்கொண்டே, "விளையாடறதுடா! ஸ்வீட்டிக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு!" என்பாள்.

ஸ்வீட்டி பத்து வருஷம் ஜாலியாகக் கடித்துவிட்டு, பேப்பரில் பேர் வராமல், நிம்மதியாக வயதாகிச் செத்தது. அதே வேலையை ஒரு ராட்வீலர் ஒரே ஒரு நாள் செய்திருந்தால்?

சைக்கிளும் லாரியும்

பட்டிமன்றத்தில் இரண்டு கட்சியும் கோட்டை விடுகிற இடம் இதுதான். இன்ஷூரன்ஸ்காரன் எப்போதும் இரண்டு கேள்வி கேட்பான். ஒன்று, விபத்து நடக்க எவ்வளவு வாய்ப்பு? இரண்டு, நடந்தால் நஷ்டம் எவ்வளவு? இரண்டும் வேறு வேறு காலம். ஒன்றில் எழுத வேண்டியதை இன்னொன்றில் எழுதினால் கணக்கு டேலி ஆகாது.

சைக்கிளுக்கும் பிரேக் பிடிக்காமல் போகும், லாரிக்கும் பிரேக் பிடிக்காமல் போகும். மோதும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஸ்வீட்டி ஒரு சைக்கிள். நாற்பது ஐம்பது கிலோ ராட்வீலர் ஒரு லாரி.

'பிட்புல்லின் தாடையில் பூட்டு இருக்கிறது, கடித்தால் தானாக லாக் ஆகிவிடும்' என்று ஒரு கதை உலவுகிறது. அப்படி எந்தப் பூட்டும் எந்த நாயின் வாயிலும் இல்லை. ஆனால், பிடித்த பிடியை விடாமல் உலுக்கும் பலமும் பிடிவாதமும் அதற்கு உண்டு. அது போதாதா?

ஆகவே, என் பேரேட்டில் எழுதிக்கொண்டது இது: கடித்தால் சேதாரம் எவ்வளவு என்பதை இனம் சொல்லும். கடிக்குமா என்பதை வேறு விஷயங்கள்தான் சொல்லும். லாரி ஓட்டுகிறவனுக்கு ஹெவி லைசென்ஸ் கேட்கிறோம். லாரி கெட்ட ஜாதி என்பதற்காக இல்லை. மோதினால் தாங்காது என்பதற்காக. வளர்ப்புக் கட்சி இதைப் பெரிய மனதோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 'எங்க டைசன் குழந்தை மாதிரி' என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஐம்பது கிலோ குழந்தை, வாயில் 42 பல்!

மொட்டை மாடிக் கைதி

சரி, அந்த 'வேறு விஷயங்கள்' என்ன?

முதலாவது, குட்டிப் பருவம். அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல வருஷம் நாய்க்குட்டிகளைக் கவனித்து 1965-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டார்கள். அவர்கள் கண்டது: பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் குட்டியின் மனசு திறந்திருக்கும் ஜன்னல். அந்தச் சமயத்தில் பார்க்கிற மனிதர்கள், குழந்தைகள், குடை, ஆட்டோ, பிரஷர் குக்கர் சத்தம் எல்லாம் 'நம்மவர்கள்' லிஸ்ட்டில் சேரும். 1961-ல் வெளியான ஒரு சோதனையில், பதினாலு வாரம் வரை மனித வாசனையே படாமல் சில குட்டிகளை வேலிக்குள் வளர்த்தார்கள். அதற்கப்புறம் எவ்வளவு கொஞ்சியும் அவை காட்டு மிருகம் மாதிரியே மிரண்டன. நல்ல ஜாதிக் குட்டிகள்தான். ஜன்னல் சாத்திய பிறகு போய்த் தட்டினார்கள், அவ்வளவுதான்.

நம்மிடம் நடப்பது என்ன? எங்கோ ஒரு ஷெட்டில் கூண்டுக்குள் பிறந்த குட்டி, அட்டைப் பெட்டியில் ஆம்னி பஸ் ஏறி, இரண்டு மூன்று மாசத்தில் வந்து சேருகிறது. வந்ததும், 'ஊசி போட்டு முடிக்கிற வரைக்கும் வெளியே கொண்டு போகாதே' என்று மொட்டை மாடியில் ஓர் அறை. கீழே இறக்காமலே தூக்கிக்கொண்டு போய்த் தெருவைக் காட்டலாம் என்று யாரும் சொல்வதில்லை. ஜன்னல் சாத்தியாயிற்று.

இரண்டாவது, சங்கிலி. 1994-ல் அமெரிக்காவில் டென்வர் நகரத்து நாய்க்கடிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டார்கள். கடித்த கூட்டத்தில் ஆண் நாய்கள் அதிகம். கருத்தடை ஆபரேஷன் ஆகாதவை அதிகம். முற்றத்தில் சங்கிலியில் கட்டிக் கிடந்த நாய்கள் கடிக்கும் பட்டியலில் சேர, கட்டாதவற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வாய்ப்பு. நியாயமாகச் சொல்லவேண்டும் என்றால், அல்சேஷனும் சௌ சௌவும்கூட அந்தப் பட்டியலில் தூக்கலாகவே இருந்தன. இனக் கட்சிக்கு ஒரு மார்க் கொடுத்துவிடலாம்.

சங்கிலி ஏன் அப்படிச் செய்கிறது? பயந்துபோன நாய்க்கு முதல் யோசனை, ஓடிவிடலாம் என்பதுதான். சங்கிலி அந்த வழியை அடைக்கிறது. மிச்சம் இருப்பது ஒரே வழி. பின்லாந்து ஆய்விலும் இதுதான் பளிச்சென்று தெரிந்தது: பயந்த சுபாவமுள்ள நாய்கள்தான் மனிதர்கள் மேல் அதிகம் பாய்ந்தன. நாம் 'வீரம்' என்று மெச்சிக்கொள்வதில் பெரும்பங்கு நடுக்கம்!

மூன்றாவது, 'ட்ரெயினிங்' என்ற பெயரில் நாம் செய்கிற காரியம். பேங்க்கில் வேலை பார்க்கும் என் நண்பன் ஒருவன், வீட்டில் மனைவியிடம் தமிழ், மேனேஜரிடம் தமிழ், நாயிடம் மட்டும் இங்கிலீஷ். "சிட்! ஐ ஸே சிட்!" அது உட்காராவிட்டால் நியூஸ் பேப்பரைச் சுருட்டி ஒரு அடி. "அப்பதான்டா பயம் இருக்கும். நாமதான் எஜமான்னு அதுக்குத் தெரியணும்" என்பான்.

அவனுக்கு ஒரு கணக்கு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2009-ல் நாய் வளர்ப்பவர்களிடம் 'நீங்கள் இப்படி இப்படிச் செய்தபோது நாய் என்ன செய்தது?' என்று கேட்டு எழுதினார்கள். அடித்தோ உதைத்தோ திருத்தப் பார்த்ததில் 43 சதவீத நாய்கள் திருப்பிச் சீறின. கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்த்ததில் 30 சதவீதம். மல்லாக்கத் தள்ளி அமுக்கியதில் 31 சதவீதம். பயிற்சி வேண்டும், அடி வேண்டாம்.

உறுமினால் அடிப்பதும் அப்படித்தான். உறுமல் என்பது நாய் நமக்கு அனுப்பும் மெமோ. 'எனக்குப் பிடிக்கவில்லை, விலகிப் போ' என்று எழுத்தில் தருகிறது. மெமோ கொடுத்ததற்காக அடித்தால் அடுத்த தடவை மெமோ வராது. நேரே டிஸ்மிஸல்தான்! 'முன்னறிவிப்பே இல்லாம கடிச்சிடுச்சு சார்' என்கிற கேஸ்களில் பாதிக் கதை இங்கேதான் ஆரம்பமாகியிருக்கும் என்பது என் சந்தேகம்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நாய் கடித்து இறந்த 256 பேரின் வழக்குகளை ஒவ்வொன்றாக அலசினார்கள். 87 சதவீத வழக்குகளில் தடுக்கத் திராணியுள்ள ஆள் பக்கத்தில் இல்லை. 84 சதவீதத்தில் நாய்க்குக் கருத்தடை ஆகவில்லை. 76 சதவீதத்தில் அது குடும்பத்தோடு புழங்காமல் ஒதுக்கியே வைக்கப்பட்டிருந்த நாய். இப்படிக் குறைகள் நாலும் அதற்கு மேலும் ஒன்றாகச் சேர்ந்தவை மட்டும் 80 சதவீதம். நாய் என்ன இனம் என்று உருப்படியாக நிரூபிக்க முடிந்ததோ 18 சதவீத வழக்குகளில்கூட இல்லை. பேப்பரில் வருகிற இனப் பெயர் பல சமயம் பார்த்தவர் வாய்க்கு வந்தது.

49 நாய்கள்

'ஒருமுறை கெட்ட நாய் கெட்டதுதானே?' என்ற கேள்விக்கும் ஒரு நிஜக் கதை பதில் சொல்கிறது. 2007-ல் அமெரிக்காவில் மைக்கேல் விக் என்ற பிரபல ஃபுட்பால் வீரர், வர்ஜீனியாவில் ரகசியமாக நாய்ச் சண்டைப் பண்ணை நடத்திய குற்றத்துக்காக மாட்டிக்கொண்டார். 23 மாதம் சிறைத் தண்டனை. பண்ணையில் பிடிபட்டவை ஐம்பது சொச்சம் பிட்புல்கள். சண்டைக்கென்றே பிறந்து, சண்டைக்கென்றே வளர்ந்தவை. ரத்தம், வளர்ப்பு இரண்டுமே மோசம். இரு கட்சியின் சித்தாந்தப்படியும் அவற்றுக்கு விமோசனமே கிடையாது.

அதுவரை வழக்கம், இப்படிப் பிடிபட்ட நாய்களை மொத்தமாக ஊசி போட்டு முடித்துவிடுவது. இந்தத் தடவை நிபுணர்கள் 49 நாய்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து சோதித்தார்கள். மூர்க்கம் தாங்காது என்று ஊசி போட்டது ஒரே ஒரு நாய்க்கு! இன்னொன்று வியாதியால் போயிற்று. மற்றவை காப்பகங்களுக்கும் வீடுகளுக்கும் போயின. பலவற்றுக்கு இருந்தது வெறி இல்லை, பயம். ஒடுங்கிப் படுத்துக் கிடந்தன. அவற்றில் ஒன்று பின்னாளில், குழந்தைகள் சத்தம் போட்டுப் படித்துப் பழக, எதிரே உட்கார்ந்து கதை கேட்கும் நாயாக வேலை பார்த்தது.

இதைப் படித்துவிட்டு, சண்டைப் பண்ணை நாயை உடனே வீட்டுக்குக் கூட்டி வரலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த நாய்களுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் தேர்ந்தவர்களின் உழைப்பு இருந்தது; சில நாய்கள் கடைசிவரை காப்பகத்தை விட்டு வரவே இல்லை. கதையின் சாரம் அந்த 'ஒவ்வொன்றாக' என்ற வார்த்தையில் இருக்கிறது.

பட்டியல் போட்டால் போதுமா?

பிரிட்டனில் 1991-லேயே சட்டம் போட்டு நாலு வகை நாய்களைத் தடை செய்தார்கள். பிட்புல், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலெய்ரோ. அப்புறம் என்ன ஆயிற்று? பட்டியலில் இல்லாத, அதைவிடப் பெரிய ஒரு நாய் வந்து சேர்ந்தது. எக்ஸ்.எல். புல்லி. சாவுகள் விழுந்தன. 2024 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதும் குற்றம் என்றார்கள். முப்பத்து மூன்று வருஷம் கழித்து ஐந்தாவது பெயர். நம் ஊரில் ஹோட்டலை மூடினால் அதே ஓனர் பக்கத்துத் தெருவில் வேறு போர்டு மாட்டுவாரே, அந்த மாதிரி.

அதற்காகத் தடை கேட்பவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தலையில் தையல் போட்ட குழந்தையின் அப்பாவிடம் போய் 'ஒன்பது சதவீதம்தான் சார்' என்று புள்ளிவிவரம் பேச எனக்குத் தைரியம் கிடையாது. லாரியை லாரியாகவே நடத்துங்கள் என்பதுதான் என் கட்சி. பெரிய நாயா? லைசென்ஸ், கருத்தடை, வெளியே வந்தால் வாய்மூடி, பிடித்து நிறுத்தத் தெம்புள்ள ஆள் கையில் கயிறு. எட்டு வயதுப் பையன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு, பின்னால் செல்போன் பேசிக்கொண்டு வருகிற அப்பாவுக்கு அபராதம். சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. தன் விலங்கு பிறருக்குத் தீங்கு செய்யாதபடி பார்த்துக்கொள்ளாத உரிமையாளருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. நாய்க்குட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அந்த அபராதம் டிப்ஸ் மாதிரி இருக்கிறது என்பது வேறு விஷயம்!

அப்படியும் கடித்துவிட்டால்? என்ன ஜாதி நாய் என்று விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஸ்வீட்டியானாலும் டைசனானாலும் தெருவோர மணியானாலும், முதலில் ஓடுகிற தண்ணீரில் சோப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியம் எல்லாம் வேண்டாம். நேராக ஆஸ்பத்திரி. டாக்டர் சொல்கிற எல்லா ஊசியையும் தேதி தவறாமல் போட்டு முடியுங்கள். வெறிநாய்க்கடி நோய் வந்த பிறகு மருந்து இல்லை.

சம்பளம் வாங்க ஆரம்பித்த புதிதில், தெருவே திரும்பிப் பார்க்க ஒரு முரட்டு நாயோடு வாக்கிங் போகவேண்டும் என்ற ஆசை நிறைய இளைஞர்களுக்கு இருக்கிறது. தப்பில்லை. ஆனால், காலை எட்டு மணிக்கு ஆபீஸ் கிளம்பி ராத்திரி எட்டுக்கு வருகிறவன் வாங்கினால், அந்த நாய்க்குத் தினமும் பன்னிரண்டு மணி நேரம் மொட்டை மாடிதான். அப்புறம் 'பிட்புல்லே இப்படித்தான்' என்று இனத்தின் மேல் பழி. அவசியம் வாங்கித்தான் தீருவேன் என்றால் விற்கிறவரிடம் சர்டிபிகேட்டைக் கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேளுங்கள்.

தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டியதில்லை என்று ஒரு பழமொழி உண்டு. பெண் பார்க்கிற விஷயத்தில் அது சரியோ தப்போ, நாய்க்குட்டி விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி. குட்டியின் அம்மாவைக் காட்டச் சொல்லுங்கள். அது கூண்டு மூலையில் ஒடுங்கி உறுமுகிறதா, வீட்டு மனுஷர்களோடு புழங்கிக்கொண்டு உங்களை வந்து மோந்து பார்க்கிறதா? குட்டிக்கு ரத்தம் கொடுத்ததும் அவள்தான், முதல் எட்டு வாரம் பாடம் எடுத்ததும் அவள்தான். இனக் கட்சியும் வளர்ப்புக் கட்சியும் கைகுலுக்கிக்கொள்கிற ஒரே இடம் அது.

அம்மாவைக் காட்ட மாட்டேன், வாட்ஸ்அப்பில் போட்டோ மட்டும்தான் அனுப்புவேன் என்கிறாரா? பணத்தைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.